கடைசி அரைச்சுற்று

"நல்லா இருந்த சாமானை எவனோ வேணும்னே கெடுத்து வெச்சிருக்கானுங்க டீச்சர். கெரகம் புடிச்சவன். அவன் மட்டும் என் கண்ணு முன்னால வந்து நிக்கட்டும். சரி பண்ணிக் குடுக்காம ஒரு அடி நகர விட மாட்டேன்."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே நாச்சிமுத்து இதைச் சொன்னார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"உள்ள வாங்கண்ணா," என்றார் ஜெனோவா.

டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. மாணவருக்கு ஐம்பத்தெட்டு. நாச்சிமுத்து உடுமலையில் பழைய பைக்குகளை வாங்கி விற்பவர். வண்டி மீட்டரெல்லாம் திரையாக மாறிய பிறகு, பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஒருநாள் கடையிலேயே கத்தித் தீர்த்துவிட்டு, நானே கற்றுக்கொள்கிறேன் என்று, மின்னணுச் சாமான் பழுது பார்க்கும் ஜெனோவாவிடம் வந்து சேர்ந்தார். ஏழு மாதமாகிறது. ஜெனோவாவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு ஸ்குரூ. கழற்று, மாட்டு, கழற்று.

"கை போதும்னு சொல்லும். அந்த இடத்துல நிறுத்தணும்," என்பார் ஜெனோவா.

நாச்சிமுத்துவின் கை ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. ஸ்குரூ நின்ற பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அரைச்சுற்று சுற்றிவிட்டுத்தான் திருப்புளியைக் கீழே வைப்பார்.

"அது எதுக்குண்ணா?"

"கொசுறுங்க. கொத்தமல்லி கேட்டு வாங்காம நான் இன்னைக்கு வரைக்கும் காய் வாங்குனதில்ல."

ஜெனோவா சிரிப்பார். மறுபடியும் கழற்றச் சொல்வார்.

இன்று நாச்சிமுத்து கொண்டுவந்தது பைக்கில் மாட்டும், வழி காட்டும் ஜிபிஎஸ். உள்ளங்கை அகலம். பழைய மாடல். துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல எடுத்து வந்திருந்தார்.

"யாரோடதுங்கண்ணா?"

"எம்பையனோடது. சம்பத்து."

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தார். இந்த ஏழு மாதத்தில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"ஊட்டை விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. போனை எடுக்கறதில்ல. திங்கட்கிழமை வால்பாறை பஸ் கண்டக்டர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து குடுத்தாரு. உள்ள இதும், இந்தச் சீட்டும்."

சீட்டை மேஜையில் வைத்தார். நாலு வரிதான் இருந்தது.

'அம்மா, அப்பா. இங்கே போன் எடுக்காது. கேட்டாலும் வழி சொல்ல ஆள் கிடையாது. இந்த ஜிபிஎஸ்ஸில் நட்சத்திரம் போட்ட இடத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், சனிக்கிழமை அசாமுக்கு வேலைக்குப் போகிறேன்.'

"இன்னைக்கு வியாழன்," என்றார் நாச்சிமுத்து. "எங்க ஊட்டுல அவ நேத்துல இருந்தே முறுக்கு சுட்டு டப்பாவுல அடைச்சுட்டு இருக்கறா. நான் எந்த மலையில போயி நிக்கறது?"

"திரைக்கு என்ன ஆச்சு?"

"இங்க தொட்டா அங்க திறக்குதுங். அதோட போனாப் பரவாயில்ல. தொடாமயே நடக்குது. அதுவா உள்ள போகுது, அதுவா அழிக்கவான்னு கேக்குது, அதுவா சரிங்குது. மூணு இடம் சேமிச்சு வெச்சிருந்தான். காலையில என் கண்ணு முன்னாலயே ஒண்ணு அழிஞ்சுபோச்சு. பதறிப்போயி அணைச்சுட்டேன்."

"நட்சத்திரம் போட்டது?"

"இருக்குதா போச்சான்னு தெரியல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் சண்டை இல்லை. உடனே அதை வரவழைத்துக்கொண்டார்.

"இது தானாக் கெட்டதில்லீங் டீச்சர். வான்னும் சொல்லணும், வரவும் கூடாது. அப்படி நெனச்ச ஆளு ஒருத்தன் இதுல கை வெச்சிருக்கான். என்னை முட்டாளாக்கப் பாக்கறான். விடுவனா?"

ஜெனோவா எழுந்தார். பால்கனிக் கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்து வந்தார்.

"இடது கையை நீட்டுங்க."

நீட்டினார். சுண்டு விரல் நுனியில் ஜெனோவா கிளிப்பை மாட்டினார்.

"ஐயோ! என்னுங்க இது?"

"கண்ணை மூடுங்க. நான் பென்சிலால மெதுவாத் தொடுவேன். எங்கன்னு சொல்லணும்."

மூடினார்.

"எங்க தொட்டேன்?"

"சுண்டு விரல்ல."

"இப்ப?"

"அங்கயேதான்."

"இப்ப?"

"கிளிப்பு உயிர் போகுதுங் டீச்சர்! மத்ததெல்லாம் எங்க தெரியுது?"

கண்ணைத் திறந்தார். பென்சில் முனை அவர் கட்டைவிரலின் மேல் இருந்தது.

"இதும் அதைத்தான் சொல்லுது," என்று ஜெனோவா ஜிபிஎஸ்ஸைக் காட்டினார். "கையுறை போட்டுத் தொட்டாலும் கேக்கணும்னு செஞ்ச திரை. அழுத்தம் மட்டும்தான் இதுக்குத் தெரியும். விரலா வேற எதாவதான்னு தெரியாது. ஒரு மூலையில எதோ விடாம அழுத்திட்டே இருக்கு."

நாச்சிமுத்து கிளிப்பைக் கழற்றி விரலை உதறிக்கொண்டார்.

"திங்கட்கிழமை எப்படி இருந்துச்சு?" என்று ஜெனோவா கேட்டார்.

"சுத்தமா இருந்துச்சுங். நட்சத்திரத்தை நானே பார்த்தேன்."

"எப்ப இருந்து இப்படி?"

"வண்டியில மாட்டுனதுல இருந்து."

"மாட்டும்போது என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

ஜெனோவா ஜிபிஎஸ்ஸின் ஸ்குரூக்களைப் பார்த்தார். கீழே தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"திரையைச் சுத்தி இருக்கற மேல்சட்டம் கொஞ்சம் ஆடுச்சு," என்றார் நாச்சிமுத்து. "மலை ரோடு. கழண்டு விழுந்துட்டா? நாலு ஸ்குரூவையும் ஒரு கை பார்த்தேன்."

"எவ்வளவு?"

"கை நிக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்புறம் ஒரு அரைச்சுத்து."

ஜெனோவா திருப்புளியை எடுத்து, கைப்பிடிப் பக்கம் அவரை நோக்கி இருக்கும்படி மேஜையில் வைத்தார்.

"நான் கெடுக்கலீங் டீச்சர். இறுக்குனேன். அவ்வளவுதான்."

"கழட்டுங்கண்ணா."

"நீங்க பண்ணுங்க. இதுல என் கை வேண்டாம். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது."

"உங்க கைதான் வேணும்."

நாலு ஸ்குரூ. முதல் மூன்றும் முனகிக்கொண்டே வந்தன. நாலாவது வரவில்லை. நாச்சிமுத்துவின் நெற்றி வேர்த்தது. ஒரு கெட்ட வார்த்தை பாதி வந்து, டீச்சர் முன்னால் என்று நின்றது.

"கீழ அமுக்கிட்டே மெதுவா," என்றார் ஜெனோவா.

அது விட்டுக்கொடுத்தது.

சட்டத்தைத் தூக்கினார். மழைத்தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் வைத்திருந்த ரப்பர் வளையம், ஒரு மூலையில் நசுங்கிப் பிதுங்கித் திரையின் ஓரத்தில் ஏறிக் கிடந்தது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து ஜெனோவா கொடுத்தார். அட்டையின் முனையால் நாச்சிமுத்து வளையத்தை ஓரம் ஓரமாகத் தள்ளி, அது இருக்க வேண்டிய பள்ளத்தில் உட்கார வைத்தார். வண்டிச் சங்கிலியையே வெறுங்கையால் இழுக்கிற விரல்கள் அவை. இப்போது ஊசியில் நூல் கோப்பது போல மெதுவாக நகர்ந்தன.

சட்டத்தை மூடினார். முதல் ஸ்குரூ இறங்கியது, நின்றது. கை நிற்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு புடைத்தது.



நாச்சிமுத்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்புளியை ஸ்குரூவிலிருந்து எடுத்தார்.

இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

சட்டத்தை விரலால் அசைத்துப் பார்த்தார். மயிரிழை ஆடியது.

"ஆடுதுங்களே டீச்சர்."

"ஆடட்டும். ஓடற வண்டியில மாட்டறதுதானே."

பொத்தானை ஜெனோவா அழுத்தவில்லை. நாச்சிமுத்துதான் அழுத்தினார். அழுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன பண்ணுதுங்?"

"சும்மா இருக்கு."

"உள்ள போகுதா?"

"போகல. நீங்க தொட்டாத்தான் போகும்."

ஜிபிஎஸ், திரையின் நாலு மூலைகளிலும் ஒவ்வொன்றாகக் குறி காட்டித் தொடச் சொன்னது. தொட்டார். தொட்ட இடத்தைத் தொட்ட இடமாகவே அது எடுத்துக்கொண்டது. சேமித்த இடங்களைத் திறந்தார். இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்.

இரண்டாவதன் பக்கத்தில் நட்சத்திரம்.

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. திங்கட்கிழமையிலிருந்து உள்ளே வைத்திருந்ததைப் போல இருந்தது. அப்புறம் சிரித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"தொண்ணூத்தி ரெண்டு கிலோமீட்டர் டீச்சர். காலையில அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்தா டிபன் நேரத்துக்கு அங்க இருப்பம். பின்னால அவளும் முறுக்கு டப்பாவும்."

"டப்பாவைக் கெட்டியாக் கட்டிராதீங்க. நொறுங்கிரும்."

அதற்கும் சிரித்தார். ஜெனோவா டீ போட எழுந்தார். டீ வருவதற்குள் சிரிப்பு போயிருந்தது.

"போயி நின்னு என்னத்தைப் பேசறதுன்னு தெரியலீங்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் தீந்துபோச்சுங்க! அதுதான் கொடுமை. கடைக்கு வாடான்னேன். மாட்டேன்னான். நாலு மாசம் பேசி, கடைசியில வரேன்னுட்டான். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டர்றேன்னான். சனி, ஞாயிறுகூட லீவு வேண்டாம்னுட்டான். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டான்."

"அப்புறம்?"

நாச்சிமுத்து டம்ளரைச் சுற்றினார்.

"கடைப் பசங்க, மச்சான், பங்காளிக எல்லாரும் இருந்தாங்க. அவங்க முன்னால, 'இத்தனை நாளு நான் பண்ணுனது தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருன்னேன். ஒரே ஒரு வார்த்தை. என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டை எடுத்தான், போயிட்டான்."

மேஜையின் மேல் திருப்புளி கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

 பிறகு ஜிபிஎஸ்ஸைத் துண்டில் சுற்றினார், இந்தமுறை தளர்வாக. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார்.

"நாளைக்கு அவன் கதவைத் திறந்ததும் நான் என்ன செய்யட்டுங் டீச்சர்?"

ஜெனோவா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வந்ததும் இதே இடத்துல நின்னு ஒருத்தரைத் திட்டினீங்களேண்ணா, நல்லா இருந்ததைக் கெடுத்த ஆளுன்னு. அவரையும் நாளைக்கு வண்டியில கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வருசமாச்சு. இனிமேலாவது நேர்ல வந்து நின்னு சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. குடுக்காம ஒரு அடி நகர விடாதீங்க."