முன்னே போகும் நாய் திரும்பிப் பார்ப்பது ஏன்

நாய்க்கு வாய்ப்பேச்சு இருந்த காலத்தில் நடந்தது இது. அப்போது எல்லாப் பிராணிகளும் பேசும். ஆனால் ஒவ்வொன்றும் தன் பாட்டைத்தான் பேசும். காகம் தனக்குக் கிடைத்த இரையைப் பற்றிப் பேசும். ஆடு மேய்ச்சல் போதவில்லை என்று குறைப்படும். மாடு, கேட்டால் மட்டும் பதில் சொல்லும். மனிதர்களோடு ஒரே குடிசையில் படுத்து எழுந்ததால் நாய் ஒன்றுதான் மனிதர்களின் காரியங்களைப் பேசியது.

வழிநடையில் அந்தப் பேச்சு மிகவும் உதவியது. நாய் முன்னே ஓடும். கண்ணில் பட்டதையும் மூக்கில் பட்டதையும் ஓடிக்கொண்டே பின்னால் வருகிறவருக்குச் சொல்லும். "இங்கே கல் வழுக்குது, ஓரமா வா." "பன்றி போன தடம் இருக்கு, பழசுதான், பயப்படாதே." குரல் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதால் எந்த நாயும் நடுவழியில் நின்றதில்லை. திரும்பிப் பார்த்ததும் இல்லை.

மலைச்சரிவு ஊர் ஒன்றில் மருதி என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்கிறவள். அக்கம்பக்கத்தில் யாருக்கு வலி எடுத்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய குடிசையில் அவளும் செம்பன் என்ற நாயும்தான். செம்மண் நிறம் அதற்கு. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடங்கியும் இருக்கும்.

புருஷன் போன புதிதில் மருதி யாரிடமும் பேசாமல் கிடந்தாள். அடுப்புப் பற்றவைக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். செம்பன்தான் அவளை விடவில்லை. விடிந்ததும் பாயைச் சுற்றிச் சுற்றி வந்து, "அக்கா, கோழி முட்டை வச்சிருக்கு. கீரி வர்றதுக்குள்ள எடுத்துடு" என்று சொல்லும். முட்டைக்காக எழுந்திருப்பாள். எழுந்ததும், "எனக்குப் பசிக்குது" என்று அடுப்பருகே போய் உட்காரும். அதற்காகக் கஞ்சி காய்ச்சுவாள். காய்ச்சிய பிறகு தானும் ஒரு வாய் குடிப்பாள். வெயில் ஏறினால், "காடு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரலாம், வா" என்று வாசலில் போய் நிற்கும். வேறு வழியில்லாமல் அவளும் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்புவாள்.

இப்படித்தான் அவள் மறுபடி மனுஷி ஆனாள். அதன்பிறகு அவர்கள் இருவருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் கஞ்சி, பிறகு காட்டுக்கு ஒரு நடை, மத்தியானம் மர நிழலில் ஒரு தூக்கம், அந்தி சாய்ந்ததும் அடுப்புச் சூட்டுக்கு யார் பக்கத்தில் படுப்பது என்று ஒரு சண்டை. அந்தச் சண்டையில் எப்போதும் செம்பன்தான் ஜெயிக்கும். "நீ போர்வை போர்த்திக்கிறே, எனக்கு என்ன இருக்கு?" என்று அது கேட்டால் மருதி நகர்ந்து படுப்பாள்.

ஒரு நாள் கஞ்சி இறக்கி வைத்திருந்த நேரம். ஒரு மைனா கூரையில் வந்து உட்கார்ந்தது.

"மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர்றேன். உன் தங்கச்சி பொம்மிக்கு வலி எடுத்திருக்கு. விடிகிறதுக்கு முன்னாலேயே எடுத்தது. பிள்ளை இறங்கவே இல்லை. அவ புருஷன் உன்னைக் கூட்டிவரச் சொன்னான்."

மருதி கஞ்சியைத் தொடவில்லை. விளக்கெண்ணெய்க் குப்பியையும் பழந்துணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். செம்பன் அதற்கு முன்பே பாதையில் இறங்கியிருந்தது.

பொம்மியின் ஊருக்குப் போக வேண்டுமானால் மலை முகட்டைத் தாண்டவேண்டும். முகடு முழுக்கப் புல்வெளி, மரமே கிடையாது. நடுவில் ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் ஓடையில் இறங்கி ஊர் சேரலாம். இடப்பக்கம் போகும் தடம் மான்கள் போட்டது. அது கொஞ்ச தூரம் போய்ப் பாறை விளிம்பில் முடியும். கீழே பார்த்தால் தலை சுற்றும் பள்ளம்.

மருதி வேகமாக நடந்தாள். அவள் மனம் முழுக்கப் பொம்மிதான். அம்மா இல்லாத பிள்ளை என்று இடுப்பில் வைத்து வளர்த்த தங்கை. இது தலைப்பிரசவம்.

செம்பனோ வழக்கம்போலப் பேசிக்கொண்டே போனது. "இங்கே காட்டெருமை படுத்திருக்கு அக்கா. இந்தப் பூ நேத்து இல்லை. அக்கா, பொம்மிக்குப் பிள்ளை பிறந்தா அது என்னை என்னன்னு கூப்பிடும்? மாமான்னா, சித்தப்பான்னா? பிள்ளை தலை முதல்ல வருமா, கால் முதல்ல வருமா? கால் வந்தா கெட்டதுன்னு நீதானே சொன்னே?"

அவள் மனதில் அடக்கி வைத்திருந்த பயத்தை அது வாய்விட்டுச் சொல்லிவிட்டது. மருதிக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நடக்கிறியா? உன் சத்தமே எனக்குக் கேட்கக் கூடாது" என்றாள்.

செம்பன் வாயை மூடிக்கொண்டது. மடங்கிய காது இன்னும் மடங்கியது. ஒன்றும் சொல்லாமல் தன் வேகத்தில் ஓடிப் புல்லுக்குள் மறைந்துபோனது. சொன்ன வார்த்தை மருதிக்கே உறுத்தியது. ஊர் போய்ச் சேர்ந்ததும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

அப்போதுதான் மஞ்சு இறங்கியது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த வெள்ளைப் பனி வருவதற்கு நேரமே எடுத்துக்கொள்ளாது. எதிர்ச்சரிவிலிருந்து புரண்டு வந்து முகட்டை மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. பாதம் வைக்கும் இடம் தெரியவில்லை. மருதி இதற்கு முன்னும் மஞ்சில் நடந்திருக்கிறாள். அப்போதெல்லாம் முன்னால் செம்பனின் குரல் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். இன்று குரல் இல்லை.

"செம்பா" என்று கூப்பிட்டாள். காற்று எதிரே இருந்து வீசியது. அவள் குரலை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

நிற்கலாம் என்றால் பொம்மி நினைவுக்கு வந்தாள். காலால் தடவித் தடவி நடந்தாள். தடம் இருந்தது. அது எந்தத் தடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சிறிது தூரம் போனதும் காலடியில் புல் போய் வெறும் பாறை வந்தது. ஒரு கல் அவள் காலில் இடறி உருண்டது. அது விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துக் கீழிருந்து கேட்டது.

மருதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது, வந்த வழி எந்தப் பக்கம் இருக்கிறது, எதுவும் புரியவில்லை. அவள் இங்கே இப்படி உட்கார்ந்திருக்க, அங்கே பொம்மி கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அந்த நேரத்தில் காற்றோடு ஒரு குரல் வந்தது.

"அக்கா, நான் பிரிவுப் பாதையில நிக்கிறேன். இங்கே வா. நகர மாட்டேன். வா."

மருதி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தாள். காற்று சுழலும்போது குரல் வேறு பக்கம் போய்விடும். அப்போது அசையாமல் காத்திருப்பாள். மறுபடி கேட்டதும் நகருவாள். தவழ்ந்ததில் முழங்கால் கிழிந்தது. பையை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு விடாமல் வைத்திருந்தாள்.

செம்பன் ஓயவே இல்லை. ஒரு மூச்சு விட்டால்கூட அந்த இடைவெளியில் அவள் தவறான பக்கம் போய்விடுவாளோ என்ற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா, இங்கே வா" என்றிருந்தது, போகப் போக "அக்கா வா" என்று சுருங்கியது. பிறகு "வா" மட்டும்தான். பிறகு அந்த "வா"வும் கரகரத்தது. மண் சட்டியைக் கல்லில் தேய்த்தாற்போல இருந்தது. கடைசியில் அது சொல்லாகவே இல்லை.

"வவ்" என்று கேட்டது. "வவ். வவ்."

மருதி நின்றாள். அப்படி ஒரு சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. காட்டு மிருகம் ஏதாவது செம்பனைத் தின்றுவிட்டு அங்கே நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. முன்னே போவதா, இங்கேயே கிடப்பதா? கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டாள். சொல் போய்விட்டது. ஆனால் விடாமல் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பிடிவாதத்தை அவள் அறிவாள். அவள் பாயைச் சுற்றி வந்த அதே பிடிவாதம்தான்.

"அவன்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தவழ்ந்தாள்.

கை ஈர முடியில் பட்டது. செம்பன் அவள் மடியில் விழுந்தது. மருதி அதைக் கட்டிக்கொண்டு, அது நின்ற இடத்தைத் தடவிப் பார்த்தாள். பாதை நெடுக, முன்னும் பின்னுமாக நகம் கீறிய சேறு. அவளைத் தேடி ஓடி ஓடிப் பார்த்திருக்கிறது. காற்று மாறி வீசியதால் மோப்பம் கிடைத்திருக்காது. தானும் அலைந்தால் இருவருமே தொலைந்துபோவோம் என்று, ஓர் இடத்தைப் பார்த்து நின்று, அங்கேயே நின்று கத்தியிருக்கிறது. பிரிவுப் பாதையில் அந்த ஓர் இடத்துப் புல் மட்டும் மிதிபட்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

"செம்பா, ஏதாவது பேசுடா" என்றாள்.

செம்பன் வாயைத் திறந்தது. "வவ்" என்றது. அதுவே அதைக் கேட்டுத் திகைத்தாற்போலத் தலையைச் சாய்த்தது. இன்னொரு முறை முயன்றது. அதே சத்தம்தான் வந்தது. நாக்கில் இரத்தம் கசிந்திருந்தது.

"நான் சொன்னது தப்புடா. உன் சத்தம் எனக்குக் கேட்கணும்" என்றாள் மருதி. செம்பன் அவள் முகத்தை நக்கியது. பிறகு அவள் மடியிலிருந்து இறங்கி, வலப்பக்கப் பாதையில் போய் நின்றது. பொம்மி காத்திருப்பதை அது மறக்கவில்லை.

மஞ்சு கொஞ்சம் மெலிந்து பக்கத்தில் இருப்பது தெரிந்தது, ஆனாலும் முழுக்க விலகவில்லை. செம்பன் முன்னே போனது. சொல்வதற்கு வாய் இல்லை. அதனால் கொஞ்சம் போனதும் நின்றது. திரும்பி, மருதி வருகிறாளா என்று பார்த்தது. அவள் பக்கத்தில் வந்த பிறகுதான் அடுத்த அடியை வைத்தது. கல் வழுக்கும் இடத்தில் நின்று பார்த்தது. ஓடை இறங்கும் இடத்தில் நின்று பார்த்தது. அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. மருதியும் வாழ்நாளில் முதல் முறையாக அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வழி நடந்தாள்.

பொம்மியின் குடிசை வாசலில் அவள் புருஷன் மாசன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மருதி அவனைத் தாண்டி உள்ளே போனாள். பிள்ளை கால் பக்கமாகத்தான் இறங்கி நின்றது. மருதி கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டாள். "இனி நான் இருக்கேன் பொம்மி, மூச்சை மட்டும் பார்த்துக்கோ" என்றாள். வெளியே செம்பன் கதவோரம் படுத்திருந்தது. உள்ளே ஒரு முனகல் கேட்டாலும் எழுந்து நிற்கும். வெகு நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து சிசுவின் அழுகை கேட்டது. மாசனும் அழுதான். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

ஊர் திரும்பியதும் மருதி செம்பனின் தொண்டைக்குத் தேன் தடவினாள். தூதுவளைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். புண் ஆறியது, பேச்சு திரும்பவில்லை. சில நாள் அவள் அழுதாள். செம்பன் அழவில்லை. விடிந்ததும் பாயைச் சுற்றி வந்தது. அவள் எழுந்திருக்காவிட்டால் ஈர மூக்கை அவள் கையில் வைத்தது. பசித்தால் அடுப்பருகே போய் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. காட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று வாலை ஆட்டியது. நாளடைவில் ஒரு குறையும் இல்லாமல் இருவருக்கும் எல்லாம் புரிந்தது. அடுப்புச் சூட்டுச் சண்டையில்கூட செம்பன்தான் ஜெயித்தது. அதற்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

அடுத்த மழைக்குச் செம்பனுக்குக் குட்டிகள் பிறந்தன. அவை தகப்பனிடமிருந்து கற்றது அந்த ஒரு சத்தத்தையும் அந்த ஒரு பார்வையையும்தான். மருதி கதை அதற்குள் மலை முழுக்கப் பரவியிருந்தது. தேன் எடுக்கப் போகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் வந்து, "செம்பன் வம்சத்துல ஒரு குட்டி கொடு மருதி" என்று கேட்டு வாங்கிப்போனார்கள். பேசும் நாய் வழியைச் சொல்லும், இந்த நாய் நம்மை விட்டுவிட்டுப் போகாது என்றார்கள். பேசும் நாய்களை யாரும் தேடவில்லை. காலப்போக்கில் மலையிலும் சமவெளியிலும் செம்பனின் வம்சமே பெருகி நின்றது.

அந்த மஞ்சு இறங்கிய நாளிலிருந்துதான், தூரத்தில் ஆள் அரவம் கேட்டால் நாய் "வா" என்று சொல்லப் பார்த்து "வவ்" என்கிறது. நாம் எங்கே கிளம்பினாலும் நமக்கு முன்னே துள்ளி ஓடுகிற நாய், கொஞ்ச தூரம் போனதும் நின்று, நாம் பின்னால் வருகிறோமா என்று திரும்பிப் பார்க்கிறது.