தலைக்கு எவ்வளவு புகை?

அரண்மனை அதிகாரி வந்துபோனதிலிருந்து மட்டிப்பட்டி ஊர்த்தலைவர் உலகப்பருக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டிலேயே தலைக்கு அதிகப் புகை விடும் ஊர் மட்டிப்பட்டிதானாம். பௌர்ணமிக்குள் அதைப் பாதியாக்கினால் சால்வை, இல்லாவிட்டால் வெல்ல ஆலைக்குப் பூட்டு. ஊர் பிழைப்பதே அந்த ஆலையால்தான்.

ஊர்ப் பெரிய மூளைகள் கூடின.

“பாதி அடுப்பை அணைச்சிடலாமா?” என்றார் உலகப்பர்.

“அணைச்சா சோத்துக்கு எங்க போறது?” என்றாள் செங்கம்மா. “தலைக்கு இவ்வளவுன்னுதானே சொன்னாரு? புகைய ஏன் தொடணும்? தலைய ரெண்டு மடங்காக்குவோம்.”

உலகப்பருக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு அறிவாளியை ஊரில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கவலைப்பட்டோம்!

மாமன், மச்சான், சம்பந்தி என்று சொந்தமெல்லாம் வண்டி கட்டி வந்து இறங்கியது. வந்தவர்களுக்குச் சோறு வேண்டும், வெந்நீர் வேண்டும். வீட்டுக்கு வீடு புது அடுப்பு முளைத்தது. விருந்தாளிகள் வெல்லத்தை ருசி பார்த்து மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். வியாபாரம் சூடுபிடிக்க, ஆலையிலும் அடுப்புகள் மும்மடங்காயின. கையில் காசு புழங்கியதும் ஆளாளுக்கு மூன்று வேளையும் பலகாரம் சுட்டார்கள்.

“புகை முன்னைவிடக் கூடிப்போச்சே?” என்று உலகப்பர் இருமினார்.

“தலை பத்தலைங்க,” என்றாள் செங்கம்மா கொஞ்சமும் அசராமல்.

சம்பந்திகளின் சம்பந்திகளுக்கும் ஆள் போனது.

பௌர்ணமியன்று தலை எண்ண அதிகாரி வந்தார். தன் மூக்கே தனக்குத் தெரியாத புகை. தட்டுத்தடுமாறி நடுத்தெருவில் நின்று, “ஊர்ல யாராவது இருக்கீங்களா?” என்று கூவினார்.

உலகப்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருக்கிறோம் என்றால் எண்ணுவார். எண்ணினால் ஆலைக்குப் பூட்டு.

“ஒருத்தரும் இல்லீங்க,” என்றார்.

“நல்லாப் பாத்துச் சொல்லுய்யா.”

உலகப்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“பாத்துட்டேங்க. ஒரு தலைகூடத் தெரியலை.”

அதிகாரிக்குத் திருப்தி. தலையே இல்லாத ஊரில் தலைக்குப் புகை ஏது? இது பக்கத்து ஊர்ப் புகையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பூட்டோடு அந்த ஊருக்குக் கிளம்பினார்.

“சால்வைங்க?” என்றார் உலகப்பர்.

“வாங்கிக்க ஆள் இல்லையேய்யா.”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது உலகப்பருக்கு. புகையில் வழி தெரியாமல் தவித்த அதிகாரியின் கையைப் பிடித்து, ஊர் எல்லைவரை அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.