பதினேழாம் எண் குழாய்

கிருமி ஆய்வகத்தில் திங்கட்கிழமை தோறும் ஒரு வேலை உண்டு. குழாய்களில் வளரும் கிருமிகளைப் புதுக் குழாய்களுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும்.

பதினேழாம் எண் குழாயில் இருந்தது அங்கே அந்த வேலையைச் செய்யும் மாணவி இன்பவல்லியின் கணவர் குமரேசனின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமி. எட்டே நாளில் அவரைக் கொண்டுபோன கிருமி. அதற்கு அவள் எட்டு மாதமாகச் சோறு போட்டு வந்தாள். எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு தண்டனை வரக்கூடாது.

அன்று அவள் குழாயை எடுத்து, கழிவுகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடிவிட்டாள்.

பேராசிரியர் தியோடர் வந்தபோது இருபது நிமிடம் கடந்திருந்தது. அவளைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் அவளுக்கு ஆசான். அடுக்கைப் பார்த்தார். பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு இருந்தது.

“வேற பிரதி இருக்காம்மா?”

“இல்ல சார். ஃப்ரீசர்ல இருந்ததையும் சேர்த்து வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“என் வீட்டுக்காரரைக் கொன்னது அது.”

“கொன்னது அவரோடயே போயிடுச்சு. இது அதோட வம்சம்.”

“முதல் வகுப்புல நீங்க என்ன கேட்டீங்க சார்? ஒரு கிருமி ரெண்டா பிரிஞ்சா எது தாய், எது பிள்ளைன்னு. யாராலயும் சொல்ல முடியல. அப்போ இதுவும் அதேதான்.”

மறுக்க முடியாதபடிதான் தியோடர் சொல்லிக்கொடுத்திருந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மரபணுச் சோதனையின் படம். இரண்டு வரிசைக் கோடுகள், அச்சு அசலாக ஒன்றுபோல.

“மேல இருக்கிறது ரத்தத்துல எடுத்தது. கீழ என்னன்னு படிங்க.”

படித்தாள். குமரேசனின் மலம். பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்ந்த அன்று, காய்ச்சல் வருவதற்கு முன்பே எடுத்தது. ஓரத்தில் ‘மாதிரி தீர்ந்தது’ என்று குறித்திருந்தது.

“அப்போ வெளியிலிருந்து வரலையா?”

“இல்ல. அவர் குடல்லயே குடியிருந்தது. எத்தனை வருஷமோ. நீங்க போட்ட சாப்பாட்டுல அதுக்கும் பங்கு. ஆபரேஷன்ல இடம் மாறி ரத்தத்துக்கு வந்துடுச்சு.”

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“ஆறு மாசமா.”

“ஏன் சொல்லல?”

“வெறுக்கிறதுக்கு உங்களுக்கு ஒண்ணு வேணுமேன்னு விட்டுட்டேன்.”

ஆட்டோகிளேவின் அழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது; உள்ளே எல்லாம் வெந்து முடிந்திருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“அப்போ நான் எதைக் கொன்னேன் சார்?”

தியோடர் தாளை மடித்தார். சொல்லாமலிருக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அவள் காத்திருந்தாள்.

“அவர்ல உயிரோட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதாம்மா.”