ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு போரும் ஒரு காலேஜ் சீட்டும்

கொட்டாவிப்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர் ஒருவரையே கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் கிளம்பும்போது எனக்குப் பின்னால இருந்துச்சு" என்பார். பொய் சொல்லத் தெரியாத ஜனங்கள். மற்றதும் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த ஊருக்கு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். மழை பொய்த்து நொடித்துப் போன ஊர்களைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் கொடுத்த ஐம்பதாயிரம் ரூபாயைப் பஞ்சாயத்து ஆபீஸ் மேசையில் வைத்தார்.

"இந்தப் பணம் பெட்டிக்குள்ள முடங்கிக் கிடக்கக் கூடாது. ஊருக்குள்ள நல்லாச் சுத்தி வரணும். அப்பத்தான் உங்க பொருளாதாரம் நிமிரும். எதுக்குச் செலவழிக்கப் போறீங்கன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தீர்மானம் போட்டு வைங்க. இல்லன்னா பணம் திரும்பிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாவம், நல்ல மனுஷர். கொட்டாவிப்பட்டிக்குப் புதுசு.

ஊர் விஷயங்களை முடிவு செய்ய நாலு பேர் உண்டு. தலைவர் பேச்சியம்மாள். தேர்தலில் எதிர்த்து நின்றவரும் 'நல்ல பொம்பளை' என்று அவருக்கே ஓட்டுப் போட்டுவிட்டதால் ஏகமனதாக ஜெயித்தவர். அடுத்தவர் வீரபத்திரன், பேச்சியம்மாளின் கொழுந்தன். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் போய் நின்றுவிட்டு, வரிசை நகர்வதற்குள் பசி எடுத்ததால் வீட்டுக்குத் திரும்பியவர். அன்றிலிருந்து போர் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் டீக்கடை சீனியப்பன். நாலாவது அய்யங்காளை, ரேஷன் கடையில் எடை போடுகிறவர். தராசு சொல்வதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் நம்புவதில்லை.

இந்த அய்யங்காளைக்கு ஒரே மகள், செண்பகவடிவு. அந்த வட்டாரத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்த முதல் ஆள் அவள்தான். அது எப்படி நடந்தது என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை. டவுன் காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கும் ஹாஸ்டலோடு சேர்த்து ஐம்பதாயிரம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு ஆசையை மறைக்கத் தெரியவில்லை. சாணி அள்ளும்போதுகூட அட்மிஷன் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள்.

"படிப்பெல்லாம் அப்புறம் பேசுவோம்" என்றார் பேச்சியம்மாள். "அதிகாரி என்ன சொன்னாரு? பணம் ஊருக்குள்ள சுத்தி வரணும்னாரு. மொதல்ல அதச் செய்வோம்."

"எத்தன சுத்து அக்கா?" என்று கேட்டார் சீனியப்பன்.

"சாமியே மூணு சுத்துதான் வருது. பணம் என்ன சாமிய விடப் பெருசா?"

செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் சப்பரத்தை எடுத்துத் துடைத்து, நடுவில் பணத்தை வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, மேளதாளத்தோடு மூன்று முறை ஊர்வலம் விட்டார்கள். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிப் பொருளாதாரத்தைக் காட்டினார்கள்.

சப்பரம் இறங்கியதும் பேச்சியம்மாள் நாலா பக்கமும் பார்த்தார். கூரைகள் அப்படியேதான் இருந்தன.

"சீனியப்பா, உன் கடைப் பக்கம் ஏதும் தெரிஞ்சுதா?"

"என் கடை வழியாத்தான் போச்சு அக்கா. மூணு தடவ. கண்ணாலேயே பாத்தேன். ஆனா நிக்கல."

"நீ கூப்பிட்டியா?"

"கும்பிட்டேன்."

அய்யங்காளை பணத்தைத் தராசில் வைத்துப் பார்த்தார். சுற்றுவதற்கு முன்னால் இருந்த எடைதான் இப்போதும் இருந்தது. "வளர்ச்சி இல்ல" என்று அறிவித்தார். பொருளாதாரம் நிமிர்வது இருக்கட்டும், சப்பரம் தூக்கிய எட்டுப் பேர் மறுநாள் வரைக்கும் நிமிரவில்லை.

புதன்கிழமை காலையில் வீரபத்திரன் எழுந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"மதினி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ஊரு ஏன் நொடிச்சுது? மழை இல்ல. மழை ஏன் இல்ல? நம்ம தலைக்கு மேல நின்ன மேகம் போன மாசம் தும்மலூருக்குப் போய்ப் பேஞ்சுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வரப்புல நின்னுக்கிட்டு, வானத்தப் பாத்துக் கை ஆட்டினான். மேகம் போயிருச்சு."

"ஆள் சாடை தெரியுமா?"

"மேகத்துக்கா?"

"அவனுக்கு."

"முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா அது தும்மலூர் முதுகுதான் மதினி. இதுக்கு ஒரே வழி போர்தான்."

சீனியப்பனுக்குக் கொஞ்சம் கவலை. "போர்னா யாருக்காச்சும் அடிபட்டுறாதா?"

"படும். அதனாலதான் அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிரணும். நாம என்ன காட்டுமிராண்டிகளா?"

போருக்கு அருவாள் வேண்டும். சுற்று வட்டாரத்தில் ஒரே கொல்லுப்பட்டறை தும்மலூரில்தான் இருந்தது. வீரபத்திரனும் சீனியப்பனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தும்மலூருக்கு நடந்தார்கள்.

"அம்பது அருவா வேணும்" என்றார் வீரபத்திரன்.

பட்டறைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்கு?"

"உங்கள வெட்டத்தான்."

"அது சரி. கதிர் அறுக்கவா, ஆள் வெட்டவான்னு சொன்னாத்தான வளைவு வைக்க முடியும்? ஆளுக்குன்னா பெரிய வேலை. ஆடிப் பட்டத்துக்கு மம்பட்டி அடிக்கவே எனக்கு நேரம் பத்தல. ஆவணியில வாங்க."

இத்தனை தூரம் வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்று அவர் வீட்டில் ஆளுக்கு ஒரு செம்பு கம்பங்கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். இருவரும் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

"எதிரி தங்கமான மனுசன் மதினி. ஆனா ஆவணிக்கு முன்னால அவங்களால தோதுப்படாதாம்."

போர் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் செண்பகவடிவு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "அத்தை, அந்தப் பணத்த எனக்குக் கட்டினா நான் படிச்சுருவேன்" என்றாள்.

"படிச்சா என்னம்மா ஆகும்?" என்று பேச்சியம்மாள் அன்பாகத்தான் கேட்டார்.

"அறிவு வளரும் அத்தை."

அய்யங்காளை தலையைத் தூக்கினார். "வளருமா? வளர்ற எதுவா இருந்தாலும் தராசுல தெரிஞ்சுரும். இப்ப ஒரு எடை போடுவோம். நாளைக்கு ஒரு நாள் காலேஜுக்குப் போய்ட்டு வரட்டும். வந்ததும் திரும்ப ஒரு எடை. தராசு பொய் சொல்லாது."

இதைவிட நியாயமாக எந்தச் சர்க்காரும் யோசித்ததில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ரேஷன் கடைத் தராசில் செண்பகவடிவு ஏறி நின்றாள். நாற்பத்தாறு கிலோ. சீனியப்பன் அதைக் கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்தார்.

வியாழக்கிழமை அவள் டவுனுக்குப் போனாள். சான்றிதழ்களைக் காட்ட நாள் முழுக்க வெயிலில் வரிசை. சாப்பிடப் போனால் இடம் போய்விடும் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பும்போது பஸ் பாதியில் நின்றுவிட, மிச்ச தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தாள். ஊரே தராசைச் சுற்றிக் காத்திருந்தது.

நாற்பத்தைந்து கிலோ.

"ஒரு நாளைக்கு ஒரு கிலோ" என்றார் பேச்சியம்மாள் மெதுவாக. சீனியப்பன் விரலை விட்டு, டீ கிளாஸை வைத்து, கடைசியில் சுவரில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"அக்கா, நாப்பத்தாறாம் நாளு புள்ளையே இருக்காது."

அய்யங்காளை தராசைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "தாயில்லாம வளத்த புள்ளைய்யா! மூணு வருசம் படிக்க வச்சா எனக்கு என்ன மிஞ்சும்?"

"அப்பா, நான் மத்தியானம் சாப்பிடலப்பா. அவ்வளவு தூரம் நடந்தேன்ல?"

"கேட்டீகளா? ஒரே நாள்ல சோத்தையே மறக்கடிச்சிருச்சு!"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண் மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அவளுக்கு வந்த கஷ்டமே அதுதான். செண்பகவடிவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீரும் எடையில் சேர்த்திதானே என்று ஊரே பதறிப் போய், "அழாத தாயி, இன்னும் கொறஞ்சுரும்" என்று கெஞ்சியது. பேச்சியம்மாள் ஓடிப்போய் ஒரு சொம்பு பால் கொண்டுவந்தார். சீனியப்பன் ஆறு வடையை வைத்துவிட்டு அவள் தின்று முடிக்கும்வரை நகரவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. தீர்மான நோட்டில் தேதியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செண்பகவடிவு கதவோரம் நின்று மேசையிலிருந்த பணப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று வீரபத்திரன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"மதினி! நமக்கு அருவா எதுக்கு? சத்தமில்லாம, ரத்தமில்லாம, நாப்பத்தாறு நாள்ல ஆளக் கரைக்குற ஆயுதம் டவுன்ல இருக்கு! தும்மலூர்க்காரனப் புடிச்சுக் காலேஜுல சேத்துருவோம்!"

"நம்ம காசுலயா?"

"போர்னா செலவு நம்மளுதுதான மதினி? எதிரிகிட்டயா கேக்க முடியும்?"

சபை அசந்து போனது. அரசாங்கப் பணமும் செலவாகும், போரும் நடக்கும், படிப்பும் அதன் வேலையைச் செய்யும். ஒரே கல்லில் மூணு மாங்காய். ஆனால் சீனியப்பன் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். "காலேஜுல சேரணும்னா பன்னண்டாவது பாஸாயிருக்கணுமே. தும்மலூர்ல அப்படி யாரும் கெடையாதே?"

எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவோரமிருந்து குரல் வந்தது. "மாமா, தும்மலூர்ல எங்க சித்தி இருக்கு. ரேஷன் கார்டுல என் பேர அங்க மாத்திட்டா நான் தும்மலூர்க்காரிதான?"

நாலு பேரும் யோசித்தார்கள். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கார்டு எங்கேயோ ஆள் அங்கே.

கார்டில் பெயரை அடிக்க வேண்டிய அய்யங்காளைக்குத்தான் பேனா ஓடவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோரம், "ஞாயித்துக்கிழமதோறும் வந்து எடை போட்டுக்குறேன்ப்பா. கொறஞ்சா நின்னுருறேன்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆசை எந்தத் தராசிலும் நிற்காது. கார்டிலிருந்து மகளின் பெயரை அடித்தார். அடித்த கையோடு விம்மினார்.

வீரபத்திரன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "மனசத் தேத்திக்க அய்யங்காளை. எதிரிக்காக அழக் கூடாது."

பேச்சியம்மாள் தீர்மானத்தைப் படித்தார்: "தும்மலூர்மீது போர் தொடுப்பதற்காக, அவ்வூரைச் சேர்ந்த செண்பகவடிவு என்பவளைக் கல்லூரியில் சேர்த்து மூன்று வருஷம் படிக்க வைத்துப் பழிவாங்குவதென்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது."

அதிகாரி நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "இதக் கல்வி உதவின்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

"சார், நாங்க எதையும் நேருக்கு நேராத்தான் செய்வோம். போர்னே எழுதுங்க."

அவர் அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை அவள் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் தப்பட்டை முழங்கியது. "ஒழிக தும்மலூர்!" என்று ஊரே கத்திற்று. கத்திக்கொண்டே ஆளுக்கு ஒரு பொட்டலமாக முறுக்கும் அதிரசமும் அவள் பைக்குள் திணித்தார்கள். பஸ் புறப்பட்டபோது செண்பகவடிவு சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கை ஆட்டினாள்.

சொன்னபடி அவள் ஞாயிறுதோறும் வந்தாள். மூன்றாவது வாரமே நாற்பத்தெட்டு கிலோ இருந்தாள். அய்யங்காளை தராசு கெட்டுவிட்டது என்று அதை ரிப்பேருக்கு அனுப்பினார்.

தும்மலூர்க்காரர்கள் புத்திசாலிகள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தங்கள் ஊரின்மேல் கொட்டாவிப்பட்டி ஒரு காலேஜ் சீட்டை ஏவிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவர்களும் கூட்டம் போட்டார்கள். மானமுள்ள ஊர் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வீடு வசூல் செய்தார்கள். ஒரு மத்தியானம் இருபது பேர் திரண்டு வந்து, சீனியப்பன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த வீரபத்திரனைக் கிளாஸோடு தூக்கிக்கொண்டு போய், டவுன் டுடோரியலில் பத்தாம் வகுப்பில் சேர்த்து, ஒரு வருஷ ஃபீஸையும் மொத்தமாகக் கட்டிவிட்டார்கள்.

கொட்டாவிப்பட்டி துக்கத்தில் ஆழ்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. டீக்கடை முன்னால் ஊரே கூடி நிற்க, பேச்சியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அன்புள்ள மதினிக்கு வீரபத்திரன் எழுதுவது. நான் எதிரியின் பிடியில் இருக்கிறேன். தினமும் ஆறு மணி நேரம் பாடம் நடத்துகிறார்கள். கணக்கு வாத்தியார் ஈவிரக்கமே இல்லாதவர். ஆனால் ஊர் கலங்க வேண்டாம். இந்த இரண்டு மாதத்தில் அவர்கள் எவ்வளவோ முயன்றும் ஒரு எழுத்தைக்கூட என் மண்டைக்குள் நான் நுழைய விடவில்லை. வருஷம் முடிந்ததும் போனபடியே திரும்பி வருவேன்."

கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடியில் இருந்ததையும் படித்தார்.

"பின்குறிப்பு: எனக்கு எழுத வராது என்பதால் இந்தக் கடிதத்தைக் கணக்கு வாத்தியாரே எழுதித் தந்தார். எதிரியையே வேலை வாங்க ஆரம்பித்துவிட்டேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."