முயல் பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் முயலுக்கு வாய் இருந்தது. இப்போதும்தான் இருக்கிறதே என்பீர்கள். இப்போது இருப்பது தின்கிற வாய். நான் சொல்வது பேசுகிற வாய். ஆடு, மாடு, காக்கை, ஓணான் எல்லாமே அப்போது பேசின, ஆனால் அளவோடு பேசின. முயல் மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை ஓயாது. மழை வருமா வராதா, பக்கத்துத் தோட்டத்து எருமை என்ன கன்று போட்டது, எறும்பு ஏன் இன்றைக்கு இந்தப் பக்கமாகப் போகிறது, எல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லியும் ஆக வேண்டும்.

மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. ஒரு கிணறு, நாலு பாத்தி அவரை, இரண்டு பாத்தி மிளகாய், ஓரத்தில் அகத்தி மரங்கள். அந்தத் தோட்டத்து வீட்டில் பழனாத்தாள் இருந்தாள். அவள் புருஷன் காரியப்பன் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவன். கிளம்பினால் திரும்ப ஒரு மாதம் ஆகும். நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கோபம் கிடையாது. பேச்சும் கிடையாது. "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள் பழனாத்தாள். அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டுவான். பிள்ளை குட்டியும் இல்லாத வீடு. அவன் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடு ஒரே மாதிரிதான் கிடந்தது.

ஒரு தை மாதத்தில் கொள்ளுச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கடைசிச் சாலில் ஒரு தாய் முயலும் மூன்று குட்டிகளும் ஒடுங்கிக் கிடந்தன. தாய்க்கு முன்னங்காலில் காயம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஆத்தா. ரெண்டு நாளைக்கு ஒதுங்கிக்கிறமுங்க. காலு ஆறுனதும் கெளம்பிருவோம்" என்றது தாய்.

"காயத்தோட எங்கடி போவே? வா வீட்டுக்கு" என்று நாலையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள் பழனாத்தாள். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. காலும் ஆறிப்போயிற்று. போவதைப் பற்றி அதுகளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

தாய்க்கு வெள்ளச்சி என்று பேர் வைத்தாள். குட்டிகளில் மூத்தது மொச்சை, நடுவில் பிறந்தது துவரை, கடைக்குட்டி எள்ளு. எள்ளு இருந்தது ஒரு கைப்பிடி. அதன் வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். பழனாத்தாள் பாத்தியிலிருந்து வாசலில் கால் வைத்ததும் முதல் குரல் எள்ளுவுடையதுதான்.

"ஆத்தா, சாப்டீங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமைத்தாள், போட்டாள், மிச்சத்தைத் தின்றாள். அவ்வளவுதான். எள்ளு முதல் தடவை கேட்டபோது, "கண்ணுல மொளகா பட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். எனக்குத் தெரியும், அன்றைக்கு அவள் மிளகாய்ப் பாத்திப் பக்கமே போகவில்லை.

அந்த நாலு உயிரும் அவளுக்கு உயிராகிவிட்டன. உயிரென்று ஆனபின் பயமும் கூடவே வந்துவிடும் அல்லவா? மலையடிவாரத்தில் நரிக்குப் பஞ்சமா? பழனாத்தாள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவைக் குச்சிகளை நெருக்கி நட்டு உயிர்வேலி போட்டாள். சந்து இருந்த இடத்தில் எல்லாம் இலந்தை முள்ளை அடைத்தாள். நரி தாண்டாது, தோண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே வேலிக்கு அடியில் பாறாங்கற்களை வரிசையாகப் பதித்தாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஒவ்வொரு கல்லையும் காலால் மிதித்துப் பார்ப்பாள்.

ஒரு நரி எட்டு நாள் அந்த வேலியைச் சுற்றியது. எட்டு நாளும் மூக்கில் முள் குத்தியதுதான் மிச்சம். ஒன்பதாம் நாள் முற்பகலில் களைத்துப்போய் வேலிக்கு வெளியே படுத்தது. உள்ளேயிருந்து முயல்களின் பேச்சு கேட்டது. அப்போதுதான் அதற்கு ஒரு யோசனை வந்தது. எழுந்து, உடம்பை உதறி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு குரல் கொடுத்தது.

"வீட்ல யாருங்க?"

இங்கேதான் வினை. அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் "வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். "கூப்பிட்ட கொரலுக்குப் பதில் சொல்லாத வீடு, வீடே இல்லடி" என்று பழனாத்தாள்தான் குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வாங்க வாங்க!" என்றது எள்ளு. அடர்ந்த வேலிக்கு வெளியே நிற்பது யாரென்று அதற்குத் தெரியவில்லை. "ஆத்தா மடை மாத்தப் போயிருக்குதுங்க. நாங்க மட்டுந்தான் இருக்கறமுங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"குடிக்கலாந்தான் அம்மிணி. நல்ல வெயில்ல வந்திருக்கறேன். ஆனா எந்தப் பக்கமா வர்றதுன்னு தெரியலியே. வேலி ரொம்ப நெருக்கமா இருக்குதே."

"அதுக்கென்னங்க? கெணத்து மேட்டுப் பக்கமா வந்தீங்கன்னா மூணாவது கல்லு ஆடுமுங்க. ஆத்தா இன்னைக்கு சாயங்காலந்தான் அதைச் சரி பண்றேன்னு சொல்லுச்சு."

வெள்ளச்சி உள்ளே துவரையின் காதை நக்கிக்கொண்டிருந்தது. தாயாயிற்றே, தடுத்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுவும் முயல்தானே!

"மூணாவது இல்லடி, நாலாவது" என்றது வெள்ளச்சி. "வந்தவங்களுக்கு வெவரம் தப்பாச் சொல்லலாமா?"

நரி ரொம்ப நன்றி சொல்லிவிட்டுக் கிணற்று மேட்டுப் பக்கம் போயிற்று.

நாலாவது கல் புரண்ட சத்தம் கேட்டது. அடுத்ததாக ஒரு நீள மூக்கு, மூக்குக்குப் பின்னால் இரண்டு கண்கள். முயல்கள் நாலும் ஒரே நேரத்தில் அலறின. "ஆத்தா! நரி! ஆத்தா!"

பழனாத்தாளுக்கு அது கேட்காமல் இல்லை. அவரைப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றவள், "ஆரம்பிச்சுட்டாளுங்க. எறும்பைப் பாத்திருப்பாளுங்க" என்று சிரித்துக்கொண்டே மடையைத் திருப்பினாள். நேற்று ஓணானுக்கு இதே கத்தல். முந்தாநாள் ஒரு காய்ந்த சருகுக்கு இதே கத்தல். நாள் முழுக்கக் கேட்கிற சத்தத்தில் எது ஆபத்து என்று யார் கண்டது?

திடீரென்று சத்தம் நின்றது.

இரண்டு மாதமாக நிற்காத சத்தம் அது. பழனாத்தாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நரி பாதி உடம்பு குழிக்கு வெளியே போய்விட்டிருந்தது. அதன் வாயில் எள்ளுவின் வால். அந்தக் காலத்தில் முயலுக்கு முழம் நீள வால் இருந்தது. எள்ளு மண்ணில் நகங்களைப் பதித்துக்கொண்டு இழுபட்டது, வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. பழனாத்தாள் குப்புற விழுந்து அதன் முன்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நரி இழுத்தது, இந்தப் பக்கம் இவள் இழுத்தாள். கடைசியில் வால் நரிக்கும் எள்ளு இவளுக்கும் என்று ஆயிற்று. முயலுக்கு இன்றைக்கும் ஒரு பஞ்சு உருண்டை அளவுதானே வால் இருக்கிறது? இந்தக் கதையில் அது கொசுறு, வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளை அரைத்துக் காயத்தில் வைத்துக் கட்டினாள் பழனாத்தாள். கட்டி முடித்ததும் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். நாலாவது கல் விஷயம் வந்ததும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அடப் பாவிகளா! நான் கை முழுக்க முள்ளு வாங்கி வேலி கட்டுனா, நீங்க வாயால அதைத் தொறந்து உட்டுட்டீங்களேடி! இந்த வாயை வெச்சுக்கிட்டு உங்களை நான் எப்படிக் காப்பாத்துவேன்? இனிமே பேசவே மாட்டோம்னு மண்ணு மேல சத்தியம் பண்ணுங்க!"

அந்தக் காலத்தில் மண் மேல் செய்கிற சத்தியம் லேசுப்பட்டதல்ல. காலால் மூன்று தரம் தட்டிச் சொன்னால், மண் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். சொன்னவர்களை மட்டுமல்ல, அவர்கள் வம்சத்தையே கட்டும். பழனாத்தாளுக்கு அது தெரியாததல்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றது. "வெளியாளுங்க கூட மட்டும் பேசாம இருக்கட்டுங்களா ஆத்தா?" என்று மெல்லக் கேட்டது.

"உங்களுக்குப் பாதி வாயை மூடத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றது வெள்ளச்சி. பொய் சொல்ல அதற்கு வராது.

எள்ளு கட்டுப்போட்ட மொட்டை வாலோடு முன்னால் வந்தது. "உங்ககிட்டயும் பேசக் கூடாதுங்களா ஆத்தா?"

அந்த ஒரு நொடியில் அவள் "எங்கிட்டப் பேசுடி கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆருகிட்டயும் வேண்டாம்" என்றாள்.

வெள்ளச்சி பின்னங்காலைத் தூக்கி மூன்று தரம் மண்ணில் தட்டியது. மொச்சை தட்டியது, துவரை தட்டியது. கடைசியாக எள்ளு தட்டியது. அதன் கால் சின்னது, சத்தமே எழவில்லை. இருந்தாலும் மண் வாங்கிக்கொண்டது.

மறுநாள் பழனாத்தாள் பாத்தியிலிருந்து வந்து வாசலில் கால் வைத்தாள். நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. முயல்கள் நாலும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. சோறு போட்டுக்கொண்டாள், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இப்படி நாலு நாள் போயிற்று. நான் என்ன காரியம் செய்துவிட்டேன், இதுகளைக் காப்பாற்றுகிறேன் என்று இதுகளின் பாதியைப் பறித்துவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு அறுத்தது.

ஐந்தாம் நாள் நரி வந்தது. வால் ருசி அதை விடவில்லை.

"வீட்ல யாருங்க?"

பதில் இல்லை. "அம்மிணி, தண்ணி தர்றேன்னு சொன்னியே?" அதற்கும் பதில் இல்லை. எள்ளுவுக்குப் பதில் சொல்லத் துடித்தது. உதடு அசைந்தது, மூக்கு அசைந்தது, குரல் மட்டும் வரவில்லை. வெளியே நரி யோசித்தது. இத்தனை வாயாடிகள் பேசவில்லை என்றால் நாலும் நல்ல தூக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். வண்டி போய்வர வைத்திருந்த மூங்கில் படலுக்கு அடியில் மட்டும் கல் பதிக்காதிருந்தது; அந்த இடத்தைப் பார்த்துச் சாவகாசமாகத் தோண்ட ஆரம்பித்தது.

மண் சரிகிற சத்தம் உள்ளே கேட்டது. கத்த முடியாது. என்ன செய்யும் பாவம்? வெள்ளச்சிக்குச் சத்தியம் செய்த கால்தான் நினைவுக்கு வந்தது. பின்னங்காலைத் தூக்கி மண்ணில் ஓங்கி அடித்தது. டம். டம். டம். மொச்சையும் துவரையும் சேர்ந்துகொண்டன. எள்ளு தன் சின்னக் காலால் முடிந்தமட்டும் அடித்தது.

பழனாத்தாள் அப்போது ஈரப் பாத்தியில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது. மண்வெட்டியை நிறுத்திவிட்டு நின்றாள். மறுபடியும் அதிர்ந்தது. சருகுக்கும் ஓணானுக்கும் யாரும் இப்படித் தரையை அடிக்க மாட்டார்கள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினாள்.

நரியின் தலை உள்ளே வந்ததும் மண்வெட்டிக் காம்பு அதன் மூக்கில் இறங்கியது. "வாங்க! தண்ணி வேணுமா, தண்ணி?" என்று கேட்டுக் கேட்டு இன்னும் இரண்டு போட்டாள். தலையை உருவிக்கொண்டு ஓடிய நரி, மலை ஏறுகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மண்ணிலேயே உட்கார்ந்து நாலையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

"போதுண்டி கண்ணுகளா. நான் புத்தியில்லாமச் சொல்லிட்டேன். அந்தச் சத்தியத்தை நானே எடுத்துக்கறேன். பேசுங்க. எறும்பைப் பத்திப் பேசுங்க, எருமையைப் பத்திப் பேசுங்க. ஒரு வார்த்தை பேசுங்கடி!"

வெள்ளச்சி வாயைத் திறந்து பார்த்தது. ஒன்றும் வரவில்லை. மண் வாங்கியதைத் திருப்பித் தருமா? பழனாத்தாள் ஓவென்று அழுதாள். எள்ளு அவள் மடியிலிருந்து எழுந்து, முன்கால்களை அவள் மார்பில் ஊன்றி, முகத்துக்கு நேராக முகத்தை வைத்தது. அதன் மூக்கு விடுவிடுவென்று அசைந்தது. உதடு அசைந்தது. நின்று, மறுபடியும் அதே மாதிரி அசைந்தது.

பழனாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டு அதன் வாயையே பார்த்தாள். மூன்றாம் தரம் அசைந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது.

"இல்லடி சாமி, இன்னும் சாப்புடலை" என்றாள். "வா, சேந்து சாப்புடலாம்."

அந்த மாதக் கடைசியில் காரியப்பன் வந்தான். வண்டியை அவிழ்த்துவிட்டு வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டான். உள்ளே வந்தான். வெளியே போனான். திரும்பவும் வந்தான்.

"என்ன, வீடே சத்தமில்லாமக் கெடக்குது? ஏன் ஒருத்தியும் பேச மாட்டேங்கறாளுங்க?" என்றான். எண்ணிப் பார்த்தால் அது அவனுக்கு ஒன்றரை நாள் பேச்சு.

பழனாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு வெகுநேரம் எள்ளுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அவள் பாத்தியிலிருந்து வந்து வாசலில் கால் வைத்தபோது, உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"சாப்ட்டயா?" என்றான் காரியப்பன். கேட்டுவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அன்று முதல்தான் முயலுக்குக் குரல் இல்லை, ஆபத்து என்றால் பின்னங்காலால் தரையை அடிக்கிறது. ஆனால் அதன் மூக்கும் உதடும் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன பாருங்கள். உங்கள் வீட்டு முயலின் முன்னால் போய் உட்கார்ந்தால் உங்களையும் அது அதைத்தான் கேட்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் பதில் எதிர்பார்த்து நிற்கிறது, சொல்லிவிட்டுப் போங்கள்.