முக்கோணத்தில் விடுபட்டவர்

பேராசிரியர் வைத்தியலிங்கம் உழைப்பைப் பற்றிப் பேசினால் துறையே கைகட்டி நிற்கும். பலகையில் ஒரு முக்கோணம் போடுவார்: செய்பவன், கருவி, இலக்கு, அடியில் விதிகள், சமூகம், வேலைப் பிரிவினை. உலகத்தில் எந்தத் தொழிலும் அதற்குள் அடங்கிவிடுமாம். ஆய்வு மாணவி செண்பகவல்லிக்கு மட்டும் அதில் சந்தேகம். இவ்வளவு சுத்தமான படம் என்றால் யாரையோ மறைத்திருக்கிறார்கள் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

பெண்களையும் ஆழ்மனத்தையும் பற்றி அவள் எழுதித் தந்த ஆய்வுத் தலைப்புத் தாளை அவர் கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

"என் படத்துல விடுபட்ட ஒரே ஒரு ஆளைக் காட்டும்மா. இல்லேன்னா இதைக் கிழிச்சுடுவேன்."

"இந்த முக்கோணத்தைப் பத்தின உங்க புத்தகத்தையே அதுல போட்டுப் பார்ப்போம் சார். எழுதினது யாரு?"

"நான்தான்."

"கருவி?"

"பேனா."

"அவ்வளவையும் டைப் அடிச்சது?"

"எங்கம்மா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சேச்சே, என் மனைவி! அது வேலையில்லை, வீட்டு உதவி."

"ஒருத்தரைத்தான் கேட்டீங்க சார். நீங்களே ரெண்டு பேரைக் காட்டிட்டீங்க. டைப் அடிச்ச மனைவி ஒண்ணு, ஆழ்மனசுலேர்ந்து வாய் தவறி வந்த அம்மா ரெண்டு."

அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் அவர் ஒப்புதல் போட்டுக் கொடுத்தார். செண்பகவல்லி அந்தக் கையெழுத்தை இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் நன்றி சொன்னாள்.