தவளை சொன்ன கால்மடக்கு

அந்தக் காலத்தில், ஆடும் கழுதையும் தவளையும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பிறந்த பிள்ளையின் காலை யாரும் மடக்கமாட்டார்கள். பிள்ளை பிறந்ததுமே பாக்கு மட்டையில் படுக்கவைத்து, காலை நீட்டி, துணியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். தானாக உட்காரும்வரை அந்தக் கட்டுதான். குளிப்பாட்ட அவிழ்த்தாலும் ஒருத்தி காலை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

அது மலைத்தேன் எடுக்கிற ஊர். பாறையிலிருந்து தொங்குகிற கயிற்றில் காலை ஊன்றித்தான் இறங்க வேண்டும். பிறந்த பிள்ளைகளின் கால் வில் மாதிரி வளைந்திருக்கிறதைப் பார்த்து, இப்படியே விட்டால் கோணிப்போகும், நாளைக்குக் கயிற்றில் நிற்காது என்று யாரோ பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் வந்த கட்டு அது.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பூவாயி. ரொம்பக் கூச்சக்காரி. சோற்றுக்கு உப்புப் பத்தவில்லை என்றால்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். புருஷன் கொம்பன் தேனெடுக்க மலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும், அவள் தலைப்பிள்ளையும், கொம்பனின் அக்கா அங்கம்மாவும்தான். அங்கம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

ஒருநாள் விடிந்ததிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயை வைக்கும், ஒரு இழுப்பு இழுக்கும், உடனே முகம் சிவக்கக் கத்தும். வயிறு கவிழ்த்த சட்டி மாதிரி விண்ணென்று இருந்தது. அங்கம்மா பெருங்காயத்தை உரசித் தொப்புளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள். கேட்கவில்லை. உச்சிப்பொழுது ஆனபோது, கத்தக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை முனக ஆரம்பித்துவிட்டது.

“கண்ணு பட்டிருக்கு. நான் மிளகா சுத்திப் போடுறேன். நீ போயி துணியை அலசிட்டு வா. ரெண்டு பேரும் முகத்தை முகத்தைப் பாத்துட்டிருந்தா ஆச்சா?” என்றாள் அங்கம்மா.

பூவாயி துணிகளைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஆடு அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டு வாங்கியது.

“வயித்துக்கா? ரெண்டு தழையைக் கடிச்சு மெல்லச் சொல்லு.”

“அவனுக்குப் பல்லே இல்ல.”

“புழுதியில போட்டு உருட்டு. எனக்கு அதுதான் கேக்கும்” என்றது பக்கத்தில் நின்ற கழுதை. பூவாயி நடையை எட்டிப் போட்டாள்.

குளத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தவளை உட்கார்ந்திருந்தது. பூவாயி துணியைத் தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது.

“ஏட்டி, குளத்துல தண்ணி நெறையத்தான் கெடக்கு. நீ வேற எதுக்கு ஊத்துற?” என்றது தவளை.

பூவாயி நிமிர்ந்து பார்த்தாள். தவளையின் வயிறு உப்பி, தோல் மினுமினுவென்று விறைத்திருந்தது. பிள்ளையின் வயிறு அப்படியே கண்ணுக்குள் வந்தது. அவளையும் அறியாமல் வாய் திறந்துவிட்டது.

“ஒனக்கு வலிக்கலையா?”

“எது?”

“வயிறு. எம்புள்ளைக்கும் இப்படித்தான் இருக்கு. காலையிலருந்து கத்துறான்.”

“நானுந்தான் கத்துறேன். என்னை யாரு வந்து கேட்டா?” என்று தவளை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டது. “மழை வேணும்னு காத்தைக் குடிச்சுக் குடிச்சுக் கூப்பிடுறவன் நான். குடிச்ச காத்து வெளிய போகணும்ல? இங்க பாரு.”

தவளை தண்ணீருக்குள் இறங்கி, பின்னங்கால் இரண்டையும் மடக்கி வயிற்றோடு சேர்த்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் குமிழ் குமிழாக வந்து வெடித்தது. பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உம்புள்ளை காலை மடக்குவானா?”

“மட்டையில நீட்டிக் கட்டியிருக்கு.”

தவளைக்குக் கண் இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. “கதவை இழுத்துக் கட்டிப்போட்டுட்டு, வந்த விருந்தாளி போகலையேன்னு அழுவுறீங்களா? போயி அவுத்துவிடு. முதல்ல வலது முழங்காலு. மெள்ள மடக்கி வயித்தோட வை. அப்புறம் இடது. அப்புறம் ரெண்டையும் சேத்து. அவன் மூச்சு விடுறப்ப வை, இழுக்கிறப்பத் தளத்திக்கோ.”

பூவாயி கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏய், இப்படி முறுக்கிப்புடாதே! அது புள்ள, துணியில்ல. காலு விறைச்சுக்கிட்டு நின்னா நீயும் நில்லு. அதுவா இளகும். பால் குடிச்ச கையோடவும் செய்யாத, கக்கிப்புடுவான்.”

“காலு கோணிப்போயிட்டா?”

தவளை மடங்கியே இருக்கிற தன் காலைக் குனிந்து ஒருமுறை பார்த்தது. ஒரே தாவு. எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தது.

பூவாயி ஈரத்துணியோடு ஓடினாள். வீட்டில் அங்கம்மா கையில் மிளகாயை வைத்துப் பிள்ளைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். பூவாயி துணியைத் தரையில் போட்டுவிட்டு, குனிந்து மட்டைக்கட்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

“என்னட்டி பண்ற?”

“காலை மடக்கப் போறேன் மதினி.”

“கிறுக்கு பிடிச்சிருச்சா? கோணிப்போச்சுன்னா எந்தம்பி வந்து கேப்பான். யாரு பதில் சொல்றது? நீயா? ஒனக்குத்தான் வாயே கெடையாதே!”

பூவாயி முடிச்சை விடவில்லை. “நானே சொல்லிக்கிறேன்” என்றாள்.

அவள் அப்படிப் பேசி அங்கம்மா கேட்டதே இல்லை. மிளகாயோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளையின் கால் குச்சி மாதிரி விறைத்திருந்தது. பூவாயி உள்ளங்கையை முழங்காலின் கீழே கொடுத்துக் காத்திருந்தாள். பிள்ளை அழுது மூச்சை விட்டபோது கொஞ்சம் இளகியது. வலது. பிறகு இடது. பிறகு இரண்டையும் சேர்த்து மடக்கி வயிற்றோடு வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கம்மா “பாத்தியா?” என்று ஆரம்பித்தாள். பூவாயி மறுபடியும் வலது காலிலிருந்து தொடங்கினாள்.

டர்ரென்று ஒரு சத்தம். அங்கம்மா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். “யாரு அது?”

மறுபடியும் சத்தம். அப்புறம் சின்னதாக ஒன்று, தொடர்ந்து ஒன்று. பிள்ளை அழுகையை நிறுத்தி, தானே ஆச்சரியப்பட்ட மாதிரி முழித்தது. வயிறு தளர்ந்து கைக்கு மெத்தென்று ஆனது. தலையைத் திருப்பி மார்பைத் தேடியது. பிடித்துக்கொண்டு குடிக்கவும் ஆரம்பித்தது. பூவாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அங்கம்மா தரையில் உட்கார்ந்து, மிளகாய் பிடித்த கையாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் கால் பயம் அங்கம்மாவுக்குப் போகவில்லை. பூவாயி மறுபடி கட்டு போடவே இல்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் எண்ணெய்க் கையோடு காலை மடக்கிவிடுவாள். மலையிலிருந்து வந்த கொம்பன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “என்ன இது, தவளை மாதிரி படுத்திருக்கான்?” என்றான். அங்கம்மா வாய் திறக்கும் முன்னால் பூவாயி சொன்னாள்: “நாந்தான் அவுத்தேன். கோணுச்சுன்னா என்னையக் கேளுங்க.” அவன் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டான். அது சட்டென்று காலை இழுத்து ஒரு உதை விட்டது. “உதை நல்லாத்தான் இருக்கு. பாப்போம்” என்றான்.

பிள்ளை எழுந்து நின்றபோது கால் வளைந்துதான் இருந்தது. பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஓட ஓட, அந்த வளைவு தானாகவே நிமிர்ந்துவிட்டது. மட்டையில் கிடந்த பிள்ளைகள் தத்தக்கா பித்தக்கா என்று நிற்கப் பழகியபோது, இவன் மாமரத்தில் பாதி உயரம் ஏறியிருந்தான்.

அதற்கு முன்னாலேயே அங்கம்மாவுக்குப் பெண் பிறந்திருந்தது. தன் பிள்ளைக்கென்று எடுத்துவைத்த பாக்கு மட்டையை, அதில் கட்டவும் மனசில்லாமல் தூக்கிப் போடவும் துணியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் ஓடுகிறதைக் கண்ட அன்று, அதை ஒடித்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள்.

சேதி பரவியது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் குளத்துக்குப் போய்த் தவளையைக் கேட்டார்கள். “வலதா இடதா முதல்ல?” தவளை சொல்லும். அடுத்தவள் வருவாள். “இடதா வலதா?” பொழுது விடிந்தால் இதே கேள்வி. தொண்டை கட்டிப்போன தவளைக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. “அந்தக் கூச்சக்காரியே ஒருதடவைதான் கேட்டா. போயி அவகிட்டக் கேளுங்கடி!” என்று சொல்லித் தண்ணீருக்குள் குதித்தது.

அன்று முதல்தான், கரையில் ஆள் நடக்கிற சத்தம் கேட்டாலே தவளை தொபுக்கென்று குளத்துக்குள் குதித்துவிடுகிறது. நாமும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கற்றுக்கொண்டு, எண்ணெய்க் கையோடு பிள்ளையின் முழங்காலை மடக்கிவிடுகிறோம், அந்தச் சத்தம் வந்தால் முகம் சுளிக்காமல் வீடே சிரிக்கிறது.